கோல் அடிக்காத கோச்சும் ஆரஞ்சு நறுக்கிய நானும்

பிள்ளைகளின் சாக்கர் டீமுக்கு மேனேஜர் ஆக மூன்று தகுதிகள் போதும்: ஒரு வேன், ஒரு கத்தி, வேறு வேலை இல்லாமல் இருப்பது. எனக்கு மூன்றும் இருந்தன. எச்-ஃபோர் விசாவில் வந்த மனைவி சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் சொல்லியிருந்தது. சம்பளம் இல்லாமல் எவ்வளவு வேலை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதை சான் ஹோசேயில் எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஆட்ட இடைவேளையில் பிள்ளைகள் சாப்பிட சனிக்கிழமை தோறும் ஆரஞ்சு நறுக்கிய கதை இது. அதே விசாவில் காலம் தள்ளிய சகோதரிகள் யாரும் படித்துவிட்டு அழ வேண்டாம். நானே அழவில்லை, வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்தத்தான் செய்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. பத்து வயதுக்குட்பட்ட டீம், ஆணும் பெண்ணும் கலந்தது, ஏழு குடும்பங்கள் சேர்ந்த கமிட்டி. கோச் மட்டும் இத்தாலிக்காரர். பெயர் ரென்சோ, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து மூன்றாவது திசையில் போயிருக்கும். தன் நாட்டில் பதினாலு வருஷம் டிஃபென்டராக, அதாவது பின்னால் நின்று கோல் விழாமல் தடுக்கிறவராக, ஆடியவர். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரத்தில் இருந்ததால் நாங்கள் பேசிக்கொண்டது எங்கள் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. இங்கே அதைத் தமிழில் தருகிறேன், அவர் என்னைக் கூப்பிடும் 'சின்யோரா'வைத் தவிர; இத்தாலிய பாஷையில் அதற்கு அம்மணி என்று அர்த்தம்.

பதினாலு பேரும் முன்னால்

டீமில் பதினாலு பிள்ளைகள். முதல் வாரம் எங்கள் வீடு போக மற்ற பதிமூன்று வீட்டிலிருந்தும் எனக்குச் செய்தி வந்தது. எல்லாம் ஒரே செய்திதான்: எங்கள் பிள்ளை ஃபார்வர்ட், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் போனில் சொன்னார்கள். கமிட்டித் தலைவர் சுந்தரேசன் மட்டும் தன் மகன் கார்த்திக்கின் ரெஸ்யூமேயை ஃபாக்ஸில் அனுப்பியிருந்தார். அதில் 'குறிக்கோள்' என்று ஒரு பத்தி. 'தலைமைப் பண்புகள்' என்று இன்னொன்று. பையனுக்கு ஒன்பது வயது.

ரென்சோ இதையெல்லாம் படிக்கவே இல்லை. பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தார், பாதிப் பேரைப் பின்னால் நிறுத்தினார். அன்றைக்கு மைதானத்தோரம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெற்றோர் முகங்களைப் பார்க்க வேண்டுமே! சாஃப்ட்வேர்க்காரரை டெவலப்மென்ட் ப்ராஜெக்ட் என்று சொல்லிக் கூட்டிவந்து மெயின்டனன்ஸில் தள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தார்கள். கோபிசெட்டிபாளையத்துச் சாந்தி, என்னைவிட நாலு வயது சின்னவள், நேராக என்னிடம் வந்தாள். அவள் மகன் பிரவீன் கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஏனுங்க அக்கா, எம்பட பையனுக்குக் காலு ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது? பின்னெதுக்குங்க அவனைக் கடைசியில கொண்டுபோயி நிக்க வெச்சிருக்கறாரு?"

பயோடேட்டா

கோச்சை ஒவ்வொரு சீசனுக்கும் கமிட்டிதான் புதிதாக நியமிக்கும். அடுத்த சீசனுக்குக் கூப்பிடவில்லையென்றால் அவர் விசாவும் அத்தோடு சரி. ஊருக்குத் திரும்பி அக்கா வீட்டு மாடியறையில் போய் உட்கார வேண்டியதுதான், அங்கே கிழவர்களோடு சீட்டாடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்று அவரே சொல்லியிருந்தார். அதனால் கமிட்டி நோட்டீஸ் அடிக்க அவருடைய பயோடேட்டா கேட்டபோது நான் ரொம்ப அக்கறையாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எத்தனை கோல் அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பூஜ்யம் என்றார். பதினாலு வருஷத்திலுமா? கொஞ்சம் யோசித்து, ஒன்று உண்டு என்றார். முதல் டிவிஷனில் ஒரே ஒரு சீசன் ஆடினாராம். அதில், டெலிவிஷனில் காட்டிய மேட்சில், சேம் சைடு கோல், தன் டீமின் கோலுக்குள்ளேயே.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? விஷயத்தை வாயால் சொல்லிவிட்டு, பக்கத்தைக் காலியாகவே சுந்தரேசனிடம் கொடுத்தேன். அவர் ரெஸ்யூமே கலையில் கைதேர்ந்தவர். இரண்டு வருஷ அனுபவத்தை ஆறு வருஷமாக்கி எத்தனையோ பேருக்கு அமெரிக்காவில் அடுப்பெரிய வைத்தவர். மறுநாள் நோட்டீஸ் வந்தது. 'இத்தாலியின் முதல் டிவிஷனில் ஆடி, டெலிவிஷனில் ஒளிபரப்பான ஆட்டத்தில் கோல் அடித்தவர்.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, கவனியுங்கள். ரென்சோ அதை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"சின்யோரா, இது அன்றைக்கு எங்கள் டீமில் நின்ற கோல்கீப்பர் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. அவன் இன்னும் என்னோடு பேச ஆரம்பிக்கவில்லை."

பக்கத்து சீட்டு

ரென்சோவின் வலது முட்டியில் நாலு ஆபரேஷன். பிரேக் மிதிக்க முடியாது, அதனால் கார் ஓட்ட முடியாது. எனவே பக்கத்து ஊர் மில்பிடாஸிலிருந்து அவரைக் கூட்டிவருவதும் மேனேஜர் வேலையில் சேர்ந்துகொண்டது. நான் லைசென்ஸ் வாங்கி அப்போது ஐந்து மாதம். எய்ட்-எய்ட்டி ஃப்ரீவேயில் லாரிகளுக்கு நடுவே நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கந்தர் சஷ்டி கவசம் சொல்ல, அவர் காலை நீட்டி உட்கார்ந்து தன் கதையைச் சொல்லுவார்.

அவருடைய வேலை ஒரே ஒரு ஆளை ஒட்டிக்கொண்டு நிற்பது. எதிரணியின் சிறந்த ஃபார்வர்ட் எங்கே போகிறானோ அங்கே இவரும் போவார். அவன் ஓடினால் ஓடுவார், தண்ணீர் குடிக்கப் போனால் இவருக்கும் தாகமெடுக்கும். முதல் டிவிஷனில் நாடே கொண்டாடிய ஒருவனை ஒரு ஆட்டம் முழுவதும் இப்படித் தொடர்ந்து, அவன் காலில் பந்து சரியாகப் படவே விடவில்லையாம். மறுநாள் பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், அந்த ஃபார்வர்டுக்கு நேற்று உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று. இவர் பெயர் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்து ஹாரனை அடித்துவிட்டேன், முன்னால் போன லாரிக்காரன் என்ன நினைத்தானோ. உங்களை யாருமே பாராட்டவில்லையா என்று கேட்டேன். ஆட்டம் முடிந்து உள்ளே போகும்போது அந்த ஃபார்வர்ட் மட்டும் நின்று ஒரு வார்த்தை சொன்னான் என்றார்.

"'என் பெண்டாட்டிகூட என்னை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.'"

தீபாவளி வீட்டுப்பாடம்

என் மகள் வித்யாவைப் பின்னால் நிறுத்தியபோது அவள் அழவில்லை. மற்ற பிள்ளைகள் கோலைத் தேடிக்கொண்டிருக்க, இவளுக்கு ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது ரொம்பப் பிடித்துவிட்டது. என் மாமியாரின் ரத்தம் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பார் ரென்சோ. அந்த வாரம் வீட்டுப்பாடமாக அவளுக்குப் பிரவீனைக் கொடுத்திருந்தார். அவன் எங்கே போனாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கை படக் கூடாது.

அந்த வாரம்தான் சாந்தி வீட்டில் தீபாவளி பாட்லக், ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவரும் விருந்து. வித்யா வாசலில் செருப்பைக் கழற்றிய நிமிஷத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள். பிரவீன் சோபாவுக்குப் போனால் இவளும் சோபாவில். அவன் வடைத் தட்டை நோக்கிப் போனால் இவள் அவனுக்கும் வடைக்கும் நடுவில். மத்தாப்பு கொளுத்த பால்கனிக்குப் போனான், அங்கேயும் நின்றாள். பாத்ரூம் வாசலில் கைகட்டிக்கொண்டு காத்திருந்தாள். பெரியவர்கள் நாங்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் எதையும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு வடைகூடக் கிடைக்காத பிரவீன், கண்ணெல்லாம் கலங்கி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

"ஆன்ட்டி, கேன் யூ ப்ளீஸ் டெல் ஹெர் த கேம் இஸ் ஓவர்?"

மாம்பலத்துக்குப் போன வீடியோ

எங்கள் டீமைத் தாண்டிப் பந்து போவது நின்றுபோனது. சீசன் முழுக்க நாங்கள் வாங்கியது நாலே கோல். அடித்ததும் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ஒன்றுக்குப் பூஜ்யம், மறுபடி பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ரென்சோ கோட்டோரம் நின்று, சாப்பிட்டு முடித்தவர் மாதிரி திருப்தியாகத் தலையை ஆட்டுவார். பின்னால் அப்பாக்கள் கொட்டாவி விடுவார்கள்.

சுந்தரேசன் புதிதாக வாங்கிய வீடியோ கேமராவில் ஒரு ஆட்டம் முழுவதையும் எடுத்தார். அதாவது, கார்த்திக்கை மட்டும் எடுத்தார். பந்து அவன் பக்கம் வந்தது மொத்தம் இரண்டு தடவை. மீதி நேரமெல்லாம் பையன் இடுப்பில் கைவைத்து வெயிலில் நிற்கிறான், மூக்கு நோண்டுகிறான், ஷூ லேஸ் கட்டுகிறான். அந்த டேப்பை மாம்பலத்தில் இருக்கும் தன் அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, பாராட்டுக்காக இரண்டு வாரம் காத்திருந்தார். அப்பா போன் செய்து என்ன சொன்னார் என்பதை அடுத்த சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"'குழந்தை என்னடா தப்புப் பண்ணினான், அவனை மட்டும் ஒரு மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சிருக்கா?'ன்னு கேக்கறார், மேடம்."

ஜனவரி

அந்த வருஷம், ஒய்-டூ-கே என்று சொல்லி, உலகத்திலுள்ள கம்ப்யூட்டரெல்லாம் ஜனவரி ஒன்றாம் தேதி நின்றுபோகும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள், ஞாபகமிருக்கிறதா? என் கணவரும் எங்கள் கமிட்டி அப்பாக்களில் பாதிப் பேரும் அதைத் தடுக்கத்தான் அமெரிக்கா வந்தவர்கள். இரண்டு வருஷம் பழைய ப்ரோக்ராம்களை வரி வரியாகத் தடவிப் பார்த்து, தேதி இருந்த இடத்திலெல்லாம் சரிசெய்தார்கள். ஜனவரி ஒன்று வந்தது. விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, ஏ.டி.எம். பணம் கொடுத்தது. மூன்றாம் தேதி ஆபீஸ் போன என் கணவரைக் கூப்பிட்டு மேனேஜர், ஒன்றுமே ஆகவில்லையே, இதற்கா இத்தனை பேர், என்று கேட்டாராம். அந்த மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிந்தது என்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

வேலை போனால் விசா போகும், விசா போனால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டும். என் கணவர் வீட்டில் கூண்டுக்குள் நடப்பதுபோல் நடந்தார். "நாங்க சரி பண்ணினதாலதான்டி ஒண்ணும் ஆகலை! இதுகூடவா புரியாது?" என்று சாம்பார்க் கரண்டியோடு நின்ற என்னிடம் கத்தினார். அவர் கத்தியது முழுக்க நியாயம். அடுத்த பயிற்சி நாளில் வேனில் இதை ரென்சோவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. அவ்வளவு தூரம் திரும்பி உட்காருவது அந்த முட்டிக்குக் கஷ்டம், இருந்தும் முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் கணவரும் டிஃபென்டர் என்று நீங்கள் சொல்லவே இல்லையே, சின்யோரா!"

கையெண்ணிக்கை

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில் கமிட்டி கூடியது. அடுத்த சீசனுக்கும் ரென்சோ வேண்டுமா என்பதுதான் கேள்வி. சுந்தரேசன் ப்ரொஜெக்டரெல்லாம் கொண்டுவந்திருந்தார். "வி ஹாவ் கன்சீடட் ஒன்லி ஃபோர் கோல்ஸ். அதாவது நம்ம பசங்க டிஃபென்ஸ் சூப்பரா பண்றாங்க. பிரச்சினையே இல்லாத ஏரியாவுக்கு எதுக்கு ஒரு கோச்? அட்டாக் சொல்லித்தர யங் ஆளா ஒருத்தரைப் போடுவோம்." எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர், ஒரு மாதம் முன்னால் இதே வாதத்தால் வேலை போனவர்கள். ஒருத்தருக்குக்கூட உறைக்க வேண்டாமா? கரெக்ட், கரெக்ட் என்று தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டினார்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய ரெஸ்யூமே அப்போது சுந்தரேசன் கையில் இருந்தது, தன் கம்பெனியில் கொடுக்கிறேன் என்று வாங்கி வைத்திருந்தார். குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. கைகளை எண்ணுவது மேனேஜர் வேலை. ரென்சோ வேண்டும் என்று மூன்று கைகள் எழுந்தன, அதில் ஒன்று சாந்தியுடையது என்பது எனக்கே ஆச்சரியம். வேண்டாம் என்று மூன்று கைகள் எழுந்தன. நாலாவதாக, என்னைப் பார்க்காமல், என் கணவர் கை எழுந்தது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். எங்கள் வீட்டு ஓட்டு இன்னும் முடிவாகவில்லை என்று ஒரு வரி போதும். ஃப்ரீவேயில் கேட்ட கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கூடவே விசா, வாடகை, மகளின் பள்ளிக்கூடம் என்று மற்றதும் வந்தது. எண்ணுகிறவள் பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, 'நாலு' என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, இப்போது இதை எழுதும்போதும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வித்யா கேட்டாள், டிட் யூ வோட் ஃபார் கோச் என்று. நான் கைகளை எண்ணினேன்டி கண்ணு என்றேன்.

"தட்'ஸ் நாட் வாட் ஐ ஆஸ்க்ட், அம்மா."

கடைசி சவாரி

செய்தியைச் சொல்லும் பொறுப்பு யாருக்கு வந்திருக்கும் என்று சம்பளமில்லாத சக ஊழியர்களாகிய உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? வேனில்தான் ரென்சோவிடம் சொன்னேன். நாலுக்கு மூன்று என்றேன். நாலாவது கை எங்கள் வீட்டுக் கை என்பதையும் சொல்லிவிட்டேன், அதை மறைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட என்னால் முடியவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நாலாவதை விடுங்கள். மூன்று பேர் எனக்காகக் கை தூக்கினார்கள் என்றீர்களே, அவர்கள் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

பதினொன்று

புது கோச் இளைஞர், முடியை நுனியில் வெள்ளையாக்கியவர். பதினாலு பிள்ளைகளையும் ஃபார்வர்ட் ஆக்கினார். பெற்றோர்கள் கேமராக்களை சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏப்ரலில் முதல் ஆட்டம். களத்தில் இறங்கிய பிள்ளைகளெல்லாம் எதிராளி கோலைப் பார்த்து ஓட, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் காலி மைதானத்தில் பூங்காவில் நடப்பதுபோல் நடந்து வந்து கோல் போட்டார்கள். பதினொன்றுக்குப் பூஜ்யம். வித்யா மட்டும் ஒருத்தனை ஒட்டிக்கொண்டு நின்றாள், அவன் ஒன்றும் போடவில்லை. போட்டதெல்லாம் மற்றவர்கள். அன்று சாயங்காலமே சுந்தரேசன் கூப்பிட்டு, அந்த இத்தாலிக்காரர் திரும்பி வருவாரா என்று கேளுங்கள் மேடம் என்றார். என் கணவருடைய ரெஸ்யூமேயை அவர் யாரிடமாவது கொடுத்தாரா என்பது இன்றுவரை தெரியாது. வேலை கிடைத்தது வேறொரு இடத்தில், சம்பந்தமே இல்லாத ஒருவர் மூலம். ஆக, எங்கள் வீட்டு ஓட்டை நாங்கள் சும்மாதான் கொடுத்திருக்கிறோம்.

ரென்சோ அதற்கு முந்தின மாதமே ஊருக்குப் போய்விட்டார். அவர் விசா முடிந்துவிட்டது, திரும்பி வர வழியில்லை. அது தெரிந்தும் நான் வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு வாங்கி, அவர் எழுதிக் கொடுத்த அக்கா வீட்டு நம்பருக்குப் போட்டேன். போனை எடுத்தது அக்கா புருஷன், ரென்சோ என்றதும் சலிப்போடு ரிசீவரைக் கைமாற்றினார். பின்னால் டெலிவிஷன் அலறியது. நான் விஷயத்தைச் சொன்னேன். உடனே டெலிவிஷனை யாரோ நிறுத்தினார்கள்.

"பதினொன்று என்பதை இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள், சின்யோரா. ரிசீவரை அத்தான் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்."

ஆகவே, ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் இருக்கும் என் அருமைச் சக துன்பப்படுவோரே, உங்கள் அருமை ஊருக்குத் தெரிய ஒரே வழி நீங்கள் போய்விடுவதுதான், ஆனால் நீங்கள் இருக்கலாமா போகலாமா என்று ஓட்டெடுக்கும் நாளில் கைகளை எண்ணுவதற்கு மட்டும் என்னைப் போல ஒருத்தியை வைத்துக்கொள்ளாதீர்கள்.